வெறும் எம்.பி.பி.எஸ்.



கொஞ்சம் நீளமான பதிவு. "சார் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டார்" என்று நீங்கள் சிரிப்பது ஐயங்கார்குளம் வரைக்கும் கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள். இதில் உங்களில் பலர் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மே 19 அன்று காலையில் என் வாட்ஸ்அப்பில் வரிசையாக வாழ்த்துப் படங்கள். ரோஜாப்பூ, ஸ்டெதாஸ்கோப், சிரிக்கும் டாக்டர், கீழே 'உலகக் குடும்ப மருத்துவர் தின நல்வாழ்த்துகள்'. வோன்கா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உலகக் குடும்ப மருத்துவர்கள் அமைப்பு 2010இல் அறிவித்த நாள் அது. எனக்கு எந்த நாளானாலும் வாழ்த்து வரும், அதனால் ஆச்சரியப்படவில்லை. ஆனால் அனுப்பியவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வியைத் திருப்பி அனுப்பினேன்: "உங்கள் வீட்டுக்குக் குடும்ப மருத்துவர் யார்?"

பாதிப் பேர் பதில் போடவில்லை. ஒருவன் "கூகுள்தான் சார்" என்றான். ஓரகடத்தில் நல்ல வேலையில் இருக்கும் ஒருவன், சர்க்கரைக்கு ஒருவர், அப்பாவின் இதயத்துக்கு ஒருவர், அம்மாவின் முழங்காலுக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர் என்று நான்கு பெயர் அனுப்பினான். பெருமையாகத்தான் அனுப்பினான். 'அப்படியானால் குடும்பத்துக்கு?' என்று கேட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது.

ஏன் இந்தக் கேள்வி என்றால், என் மச்சானின் கதையைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரியின் அண்ணன். நாற்பது வருஷத்துக்கு மேல் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து பட்டு நெய்தவர். வயது எழுபத்தொன்று. அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று ஒரு இதய மருத்துவர் அம்லோடிபின் என்ற மாத்திரை எழுதினார். சரியான மாத்திரைதான், நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் சாப்பிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து சர்க்கரைக்காக வேறொரு இடம் போனார். அவர்களும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், அவர்களும் ஒரு மாத்திரை எழுதினார்கள். அது கூட்டு மாத்திரை. இரண்டு மருந்தை ஒன்றாகச் சேர்த்தது. அதில் ஒன்று அதே அம்லோடிபின். அட்டையின் மேல் பெயர் வேறு, நிறம் வேறு. மச்சானுக்கு என்ன தெரியும்? இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஒழுங்கானவர் என்பதுதான் அவர் செய்த குற்றம்.

இந்த மருந்து சிலருக்குக் கால் வீக்கத்தைக் கொடுக்கும். அளவு கூடினால் வீக்கமும் கூடும். இது எனக்கு அப்போது தெரியாது. கால் இரண்டும் வீங்கியதும் வீட்டில் பட்டிமன்றம். எலும்பா, நரம்பா, சிறுநீரகமா? கடைசியில் சென்னையில் ஒரு பெரிய இடத்துக்குக் கூட்டிப் போனோம். ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்தார்கள். குழாயில் அடைப்பு இல்லை. நீர் பிரிய ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து மச்சான் பேத்தியின் பெயரை மறந்தார். கேட்ட கேள்வியையே கேட்டார். ஒரு நாள் விடியற்காலை கொல்லைப்புறத்தில் விழுந்து கிடந்தார். வீட்டில் எல்லோரும் அழுகை, ஞாபக மறதி நோய் வந்துவிட்டது என்று. மூளைக்கு ஒரு டாக்டர், மூளைக்கு ஒரு ஸ்கேன். வயசுக்கு ஏற்ற சுருக்கம் என்று அறிக்கை. அதற்கும் ஒரு மாத்திரை.

இந்த ஐந்து மாதத்தில் போன மருத்துவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவரைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் தன் முன்னால் வைக்கப்பட்ட உறுப்பைச் சரியாகவே பார்த்தார்கள். மொத்த ஆளைப் பார்க்க யாரும் நியமிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அதைப் பார்த்தது என் பழைய மாணவி ஒருவர். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது 'அவள்'. இப்போது டாக்டர், அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன். (அவருடைய அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. தெரிந்தவர்கள் பின்னூட்டத்திலும் போட வேண்டாம்.) எம்.பி.பி.எஸ். முடித்து, காஞ்சிபுரம் போகும் வழியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். வேலூர் சி.எம்.சி. நடத்தும் இரண்டு வருஷக் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பை, கிளினிக்கை மூடாமலே தொலைதூர வழியில் படித்தார். கட்டணம் நூறு ரூபாய். இல்லாதவர்கள் கொடுப்பதில்லை, அதை அவர் நோட்டில் எழுதுவதும் இல்லை.

நான் தயங்கித் தயங்கி மச்சானைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரே ஒரு விஷயம் கேட்டார்: "சார், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. தீர்ந்துபோன அட்டையையும் சேர்த்து."

மஞ்சப்பையை மேஜை மேல் கொட்டினோம். ஸ்கேனும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. பத்து நிமிஷம் ஒவ்வொரு அட்டையையும் திருப்பித் திருப்பிப் பின்பக்கம் படித்தார். படித்துவிட்டு, எங்கள் ஐந்து மாதக் கதையைப் பின்னாலிருந்து முன்னால் சொன்னார். "இந்த மறதி, நீர் மாத்திரையாலே சோடியம் குறைஞ்சதாலே இருக்கலாம். நீர் மாத்திரை வந்தது கால் வீக்கத்துக்காக. கால் வீக்கம் வந்தது ஒரே மருந்து இரண்டு பேரில் போனதாலே. ஆனா ரத்தம் பார்க்காமச் சொல்லக் கூடாது." ரத்தம் பார்த்தார். சோடியம் 135க்கு மேல் இருக்க வேண்டும், மச்சானுக்கு 121. "இதை நான் இங்கே வச்சுப் பார்க்கக் கூடாது" என்று கடிதம் எழுதி, அன்றைக்கே காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார். அந்தக் கடிதத்தில் எல்லா மாத்திரையும் தேதியோடு வரிசையாக இருந்தது. நான்கு நாளில் மச்சான் வீட்டுக்கு வந்தார். பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

(ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். பையை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போங்கள். அவ்வளவுதான் சொல்கிறேன்.)

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

இந்த டாக்டர் ஜூன் மாதத்தோடு கிளினிக்கை மூடிவிட்டு, சென்னையில் நீட் மேற்படிப்புப் பயிற்சிக்குச் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். சிரித்தார். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் பலகையைப் படித்துவிட்டு, "வெறும் எம்.பி.பி.எஸ். தானா?" என்று கேட்டார்களாம். வந்தவர்கள் யாரோ எவரோ அல்ல. அதில் ஒருவர் இந்தப் பதிவைப் படிக்கும் நம் உறவுக்காரர். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன்.

அந்த 'வெறும்' என்ற சொல்லை வைத்துத்தான் இந்தப் பதிவே. அந்தச் சொல்லை ஒழிப்பதற்கு ஒரு சங்கம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. அந்த டாக்டரும் ஒரு சங்கத்தில் உறுப்பினர், ஆண்டுச் சந்தா தவறாமல் கட்டுகிறார். அந்தக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் 'ஒரு நோயாளியின் பார்வையில்' என்று பத்து நிமிஷம் பேச முடியுமா என்றுகூட என்னைக் கேட்டார். என்ன பேசுவது என்று தெரிந்துகொள்ள ஆண்டறிக்கையைக் கொடுங்கள் என்றேன். வழவழப்பான காகிதம், நல்ல அச்சு. சங்கத்தின் பெயர் வேண்டாம். ஒரு கிளையை மட்டும் சொல்வது நியாயமில்லை, இது எல்லா இடத்திலும் இருக்கும் பழக்கம்.

படித்தேன். மாதம் ஒரு கூட்டம், தொடர் மருத்துவக் கல்வி. நல்லது. வாத்தியாரும் டாக்டரும் படிப்பை நிறுத்தக் கூடாது. யார் பேசினார்கள் என்று பார்த்தேன். இதயத்துக்கு ஒருவர், கல்லீரலுக்கு ஒருவர், ரோபோ வைத்து முழங்கால் மாற்றுவதற்கு ஒருவர். ஒரு வருஷம் முழுக்கப் பேசியவர்களில் குடும்ப மருத்துவர் ஒருவர்கூட இல்லை. குடும்ப மருத்துவர்கள் சங்கம், மேடையில் ஏறியது முழுக்க நிபுணர்கள். கூட்டத்தை நடத்தியது ஒரு பெரிய மருத்துவமனை, இல்லையென்றால் ஒரு மருந்து நிறுவனம். கூட்டம் முடிந்ததும் சாப்பாடு. இதைக் கல்வி என்று சொல்வதா, 'உங்கள் நோயாளியை எங்களிடம் அனுப்புங்கள்' என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது என்று சொல்வதா? இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மருந்து நிறுவனப் பணத்தில் நடக்கும் கருத்தரங்குகளில் மருத்துவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதியே போட்டது. எதிர்ப்பு வந்தது. அதே மாதமே அந்த விதிகளை நிறுத்தி வைத்துவிட்டது.

குழித்தறியில் உட்காருகிறவருக்கு ஏன் முழங்காலும் முதுகும் போகிறது, தறியை எப்படி மாற்றினால் வலி குறையும் என்று அந்த வருஷம் ஒருவராவது பேசினாரா? இது காஞ்சிபுரத்தைச் சுற்றியிருக்கும் சங்கம். ரோபோவைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறார்கள்.

பிறகு மே 19 விழா. மூத்த மருத்துவர்களுக்குப் பொன்னாடை, குத்துவிளக்கு, குழுப்படம். பிறகு ஆண்டு மாநாடு, நிர்வாகிகள் தேர்தல். கடைசிப் பக்கத்தில் அரசுக்கு அனுப்பிய தீர்மானங்கள்.

எழுதும்போதே என் கை கூசுகிறது. ஏனென்றால் நானும் ஆசிரியர் சங்கத்தில் வட்டாரப் பொருளாளராக இருந்தவன். எங்கள் ஆண்டறிக்கையும் இதே மாதிரிதான். அகவிலைப்படிக்குப் போராடினோம், வாங்கினோம், தவறில்லை. ஆனால் ஓராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் ஒரே ஆளாக மேய்த்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியையைப் பார்க்க எங்கள் நிர்வாகிகள் ஒரு நாள்கூடப் போனதில்லை. நானும் போனதில்லை. அவர் இரண்டு வருஷத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷமும் எங்கள் மாநாடு சிறப்பாகவே நடந்தது. எனவே இதை மேலே நின்று சொல்லவில்லை, பக்கத்து பெஞ்சிலிருந்து சொல்கிறேன்.

"சங்கம் என்ன சார் செய்யும்? எல்லாம் அரசாங்கம் செய்யணும்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு ஒரு வரலாறு. இங்கிலாந்தில் 1952இல் பொது மருத்துவர்கள் தங்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள். கட்டடம் அல்ல, அமைப்பு. அன்றைக்கு அங்கேயும் 'மேலே ஏற முடியாதவன்தான் பொது மருத்துவன்' என்ற இளக்காரம் இருந்தது. அவர்கள் விடாமல் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துத் தொங்கினார்கள்: குடும்ப மருத்துவம் தனிப் படிப்பு, தனிப் பயிற்சி இல்லாமல் யாரும் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. 1976இல் அதற்குச் சட்டமே வந்தது. இருபத்து நான்கு வருஷம் ஆனது. ஆனால் வந்தது.

நம் நாட்டுக்கு வாருங்கள். சுதந்திரத்துக்கு முன்னால், 1946இலேயே போர் குழு அறிக்கை, நோயாளியின் வீட்டையும் தொழிலையும் ஊரையும் அறிந்த சமூக மருத்துவர் வேண்டும் என்றது. 1963இல் இந்திய மருத்துவச் சங்கமும் பொது மருத்துவர்களுக்கென்று ஒரு கல்லூரி அமைப்பை ஏற்படுத்தியது. இங்கிலாந்துக்குப் பதினொரு வருஷம் பின்னால், அவ்வளவுதான். 2002 தேசிய சுகாதாரக் கொள்கையில் ஒரு வரி இருக்கிறது, அதை என் மாணவிதான் எடுத்துக் காட்டினார். மருத்துவ மேற்படிப்பு இடங்களில் பொது சுகாதாரத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்குமான பங்கைப் படிப்படியாக உயர்த்தி, மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கை இந்த இரண்டுக்கும் ஒதுக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. நான்கில் ஒன்று! நூறு பேர் மேற்படிப்புக்குப் போனால் இருபத்தைந்து பேர். இன்றைக்கு நம் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் குடும்ப மருத்துவம் என்று ஒரு துறையே கிடையாது. எம்.டி. குடும்ப மருத்துவம் முதலில் தொடங்கியது கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில். அதன் பிறகும் விரல்விட்டு எண்ணுகிற நிலைதான். தேசியத் தேர்வு வாரியத்தின் மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது, வேலூரின் பட்டயம் இருக்கிறது. இருக்கிறது என்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது.

ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளை, அந்த ஐந்தரை வருஷத்தில் ஒரு குடும்ப மருத்துவரை ஆசிரியராகப் பார்ப்பதே இல்லை. நிபுணரைப் பார்த்து நிபுணராக ஆசைப்படுகிறது. ஒரு கணக்கு வாத்தியாரைக்கூடப் பார்க்காத பையன் கணக்கு வாத்தியாராக வேண்டும் என்று எப்படி ஆசைப்படுவான்?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010இல் தொடங்கிய இந்தியக் குடும்ப மருத்துவர்கள் அகாதெமி இந்த விஷயத்தைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. 2012 முதல் தனி ஆய்விதழ் நடத்துகிறது. குடும்ப மருத்துவர்களே குடும்ப மருத்துவர்களுக்கு எழுதுகிறார்கள். அந்த வேலையை நான் மதிக்கிறேன். என் சண்டை, டெல்லியில் மனுக் கொடுக்கிறவர்களோடு அல்ல. மாவட்டத்தில் பொன்னாடை போர்த்திக்கொள்கிறவர்களோடு. அந்த 'நான்கில் ஒரு பங்கு' என்ற வரியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் நம் மாவட்டத்து எம்.எல்.ஏ., எம்.பி. வீட்டு வாசலில் போய், "எத்தனை இடம் வந்தது?" என்று கேட்ட கிளை எது? ஆண்டறிக்கையில் தேடினேன். இல்லை.

நம் மாநிலத்தில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. போராடிப் பெற்ற உரிமை, அது இருக்க வேண்டும். ஆனால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருஷம் ஊரைப் பழகியவர், அந்த ஒதுக்கீட்டில் ஏறிப் போய்க் கதிரியக்க நிபுணராகத் திரும்புகிறார், நம் ஊருக்கு அல்ல. அதே ஏணியில் குடும்ப மருத்துவம் என்று ஒரு படி இருந்தால், ஏறிவிட்டு இங்கேயே இறங்கலாமே! 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீடு தேடி வருகிறது. என் தெருவில் அதனால் பிழைத்த கிழவிகள் இருக்கிறார்கள், நான் சாட்சி. வீடு தேடி வரும் மாத்திரையையும், வெளியே வாங்கிய மாத்திரையையும் ஒரே மஞ்சப்பையில் கொட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்கிறேன்.

இதெல்லாம் வாத்தியாரின் பழைய காலத்து ஏக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நார்வேயில் ஒவ்வொருவருக்கும் பதிவு செய்த குடும்ப மருத்துவர் உண்டு. சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே மருத்துவரிடம் ஒரு வருஷம் இருந்தவர்களையும், 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு சுமார் 25 விழுக்காடு குறைவு. அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் ஏறக்குறைய அதே அளவு, இன்னும் சற்று அதிகமாகவே, குறைவு. இப்படி ஒரு புது மாத்திரை வந்தால் எத்தனை ஆயிரம் கோடிக்கு விற்பார்கள்! அதை எத்தனை மாலைக் கூட்டங்களில் பிரியாணி போட்டு அறிமுகப்படுத்துவார்கள்!

வேல்ஸ் நாட்டில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். சுரங்கத் தொழிலாளிகளின் சின்ன ஊரில் கால் நூற்றாண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கு மட்டுமல்ல, வராதவர்களையும் தேடிப்பிடித்து ஊர் முழுக்க ரத்த அழுத்தம் பார்த்தார். 1971இல் ஒரு கட்டுரை எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் விடவிட இது மோசமாகும் என்று. உலகம் முழுக்க அதை 'தலைகீழ் விதி' என்று படிக்கிறார்கள். காஞ்சிபுரம் டவுனில் ஒரு தெருவில் எத்தனை பலகை தொங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரவு எட்டு மணிக்கு ஒரு டாக்டரைத் தேடுங்கள்.

இங்கே ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நம்ம ஊரிலும் அஞ்சு ரூபாய் டாக்டர்கள் இருந்தாங்களே சார்?" இருந்தார்கள். வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில் திருவேங்கடம். ஒருவர் 2018இலும் மற்றவர் 2020இலும் மறைந்தார்கள். வடசென்னையே அழுதது. நான் கும்பிடுகிறேன். ஆனால் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன்: நாம் அவர்களைக் கும்பிட்டதே தப்பித்துக்கொள்வதற்காக. குடும்ப மருத்துவர் என்றால் ஐந்து ரூபாய் வாங்கும் மகான் என்று ஆக்கிவிட்டோம். மகானாக இருக்க முடியாத, வீட்டுக் கடன் இருக்கிற, கல்யாணம் ஆக வேண்டிய ஒரு சாதாரணப் பெண் அந்த வேலையைச் செய்ய வழியில்லாமல் போய்விட்டது. நிபுணருக்கு எட்டு நூறு ரூபாய் மறுபேச்சில்லாமல் எடுத்து வைக்கிற அதே கை, நூறு ரூபாய்க்கு "சும்மா சளிதானேம்மா, மருந்து மட்டும் எழுதிக் கொடு" என்கிறது. மஞ்சப்பையைப் பத்து நிமிஷம் பார்த்ததற்கு என்ன கட்டணம்? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்கு எந்தச் சங்கமும் ஒரு தொகை சொல்லவில்லை. முழங்கால் மாற்றத்துக்குக் காப்பீட்டில் தொகை இருக்கிறது. முழங்காலை மாற்றாமல் காப்பாற்றியவருக்கு இல்லை.

நம் ஊர் நடவாவிக் கிணறு உங்களுக்குத் தெரியும். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் எழுந்தருள்கிறார் என்று தண்ணீரை இறைத்துவிட்டு, படி கழுவி, விளக்குப் போட்டு, கீழே மண்டபத்தில் கூட்டம் நெருக்கியடிக்கும். மறுநாளிலிருந்து தண்ணீர் ஏறும். வருஷம் முழுக்க மண்டபம் தண்ணீருக்குள். பெருமாள் வருஷத்துக்கு ஒரு முறை வரலாம். அது அவர் இஷ்டம், நமக்கும் திருவிழா. சங்கத்தின் வேலையும் அப்படி வருஷத்துக்கு ஒரு முறை மேலே தெரிந்தால் போதுமா?

எனவே அந்த ஆண்டுக் கூட்டத்தில் என் பத்து நிமிஷத்தில் கேட்கப்போவது இதுதான். அடுத்த வருஷ அறிக்கையின் முதல் பக்கத்தில் பொன்னாடைப் படம் வேண்டாம். இந்த மாவட்டத்தில் முப்பத்தைந்து வயதுக்குள் எத்தனை பேர் குடும்ப மருத்துவராக உட்கார்ந்திருக்கிறார்கள், போன வருஷம் எத்தனை பேர், கிளம்பிப் போனவர் ஏன் போனார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். எங்கள் பள்ளியில் இடைநின்ற பிள்ளைகளின் பட்டியல் எழுதுவோமே, அதே மாதிரி. மாதக் கூட்டத்தில் ஒன்று விட்டு ஒன்றாவது உங்களில் ஒருவர் பேசட்டும், மஞ்சப்பைக் கதைகளைப் பேசட்டும். மூத்தவர்கள் வாரத்துக்கு ஒரு மாலை இளையவரின் கிளினிக்கில் போய் உட்காருங்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால்கூடப் பதிலுக்குப் பார்க்க ஆளில்லாமல் கிளினிக்கை மூடுகிறார் அந்தப் பெண். அதற்கு ஒரு முறை வைத்துப் பாருங்கள். சாப்பாட்டை உங்கள் சந்தாவிலேயே சாப்பிடுங்கள், தயிர்சாதமாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வகுப்பாசிரியர் என்று ஒருவர் இருந்தார், ஞாபகம் இருக்கிறதா? கணக்குக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், எல்லோரும் அவரவர் பாடத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் காலையில் பேப்பர் போட்டுவிட்டு வருவதால்தான் ஒருவன் இரண்டாவது பீரியடில் தூங்குகிறான் என்று தெரிந்தது வகுப்பாசிரியருக்கு மட்டும்தான். உங்களில் யாரும் 'வெறும் வகுப்பாசிரியர்' என்று சொன்னதில்லை. பெண் பார்க்கப் போன உறவுக்காரரே, உங்கள் அம்மாவுக்கு இரவில் மூச்சுத் திணறியபோது முதலில் யாருக்குப் போன் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எடுத்ததும் யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த 'வெறும்' தான்.

மருத்துவம் படிக்கும் என் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இதைப் படிக்கிறீர்கள். மேற்படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. விருப்பப் பட்டியல் போடும்போது குடும்ப மருத்துவம் என்று ஒரு படிப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். வேலூருக்குப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் செலவு என்னுடையது.

டாக்டரம்மாவிடம் நேற்றுப் பேசினேன். ஜூன் வரை யோசிக்கிறேன் சார் என்றார். நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. படித்து நிபுணராவதும் அவருடைய உரிமை. கிளினிக் வாசலில் ஒரு பெஞ்சுதான் இருக்கிறது, மழை வந்தால் நோயாளிகள் நனைகிறார்கள். ஓரகடத்துப் பையா, உன் கம்பெனியில் பழைய தகரக் கூரை கழித்துக்கட்டுவதாகப் போன தீபாவளிக்குச் சொன்னாயே, இன்னும் இருக்கிறதா? எனக்குப் போன் செய்.

பின்குறிப்பு: மச்சான் நலம். மாத்திரை ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் சஞ்சீவிராயர் கோயில் குளக்கரை வரைக்கும் நடந்து வந்தார். இந்தப் பதிவைப் படித்துக் காட்டினேன். "என் கதையை இவ்வளவு நீட்டணுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.